திரும்பி வராதவர்கள்

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குத்தான் அந்தப் பையன் ஃபோனை எடுத்தான். அதற்கு முன் 11 தடவை முயன்றிருந்தேன். ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அம்மாவின் நம்பர் உபயோகத்தில் இல்லை. படிவத்தின் கடைசி வரியில் மாமாவின் நம்பரை எழுதியிருந்தார்கள். அவர் மூலமாகத்தான் பையன் கிடைத்தான்.

“நான் நல்லாத்தானே இருக்கேன் மேடம், எதுக்குக் கூப்பிடுறீங்க?”

“நல்லா இருக்கீங்கன்னா அதையே எழுதிக்கிறேன் தம்பி. பத்து நிமிஷம் போதும்.”

15 வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவன். இப்போது 18 முடிந்துவிட்டது. அப்போது அப்பா போட்ட கையெழுத்து இனி செல்லாது. அவனே சம்மதம் சொன்னால்தான் மேலே கேட்க முடியும். சொன்னான். கேள்விகளை ஆரம்பித்தேன். வலி உண்டா, வீக்கம் உண்டா, படி இறங்க முடிகிறதா, உட்கார்ந்து எழ முடிகிறதா. எல்லாவற்றுக்கும் “ஒண்ணும் இல்ல மேடம்” என்று மளமளவென்று பதில் வந்தது. கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் முழங்கால் பிரச்சினை எவ்வளவு அடிக்கடி உங்கள் நினைவுக்கு வருகிறது? ஒருபோதும் இல்லை, மாதம் ஒரு முறை, வாரம் ஒரு முறை, தினமும், எப்போதும் என்று ஐந்து பதில்கள். அங்கே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“தினமும்னு போட்டுக்கோங்க” என்றான். பிறகு அவனாகவே சொன்னான்: “விளையாடுறத விட்டுட்டேன். குதிச்சு இறங்கும்போது மறுபடி போயிருமோன்னு ஒரு பயம். வீட்டுல சொல்லல.”

அவன் கடைசியாக மருத்துவமனைக்கு வந்தது ஆபரேஷன் முடிந்த எட்டாவது மாதம். அன்றைய குறிப்பில் ‘மூட்டு உறுதியாக இருக்கிறது, முழுமையாக மடக்கி நீட்ட முடிகிறது’ என்று எழுதியிருந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு அவன் கதையை முடித்திருந்தால் நாங்கள் பாதிதான் தெரிந்துகொண்டிருப்போம்.

நான் டாக்டர் இல்லை. எலும்பு மூட்டு ஆராய்ச்சிப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வளரும் வயதில் இருப்பவர்களின் முழங்காலும் முதுகுத்தண்டும்தான் எங்கள் பிரிவின் வேலை. எக்ஸ்ரேக்களை அடுக்கி வைப்பது, கோணங்களை அளந்து ஏற்றுவது, படிவங்களைச் சரிபார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி போவது வராதவர்களைத் தேடுவதில். சிகிச்சைக்குப் பிறகு தொடர்ந்து வரச்சொன்ன தேதிகளில் வராமல் போனவர்களின் பெயருக்கு எதிரே ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். அதை நிரப்புவது என் பொறுப்பு.

இந்த வேலையைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆராய்ச்சி என்றால் புது ஊசி, புது ஸ்க்ரூ, ரோபோ என்றுதான் பேச்சு வருகிறது. இளம் வயதினர் விஷயத்தில் உண்மையைத் தாங்கி நிற்பது இந்த மஞ்சள் கட்டங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பெரியவருக்கு மூட்டு ஆபரேஷன் செய்தால் எலும்பு இருந்தபடியே இருக்கும். குழந்தைக்கு அப்படியில்லை. தொடையெலும்பின் கீழ்முனையில் இருக்கும் வளர்தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி, வருடத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் எலும்பைக் கூட்டுகிறது. அதற்குக் கீழே, கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனை சுமார் 6 மில்லிமீட்டர். ஏ.சி.எல். என்கிற அந்த ஜவ்வு கட்டப்பட்டிருப்பது சரியாக இந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவில். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புது நாணைப் பொருத்த எலும்பில் துளை போட்டால் அந்தத் துளை தட்டைத் தாண்டிப் போகக்கூடும். தட்டு ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் கால் கோணலாக வளரும். முழுதாக அடைபட்டால் குட்டையாகிவிடும். அதனால்தான் தட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் முறைகளை உருவாக்கினார்கள். தொடையின் வெளிப்பக்கத்துப் பட்டையை எடுத்து, எலும்பைத் துளைக்காமலே உள்ளே கொண்டுபோய்க் கட்டும் முறையும் அதில் ஒன்று. எந்த முறை நல்லது என்று ஆபரேஷன் மேஜையில் தெரியாது. ஆறு மாதத்திலும் தெரியாது. அந்தக் குழந்தை வளர்ந்து முடித்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். 11 வயதில் ஆபரேஷன் என்றால் ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். எலும்பு மூட்டு ஆய்வுகளில் இரண்டு வருடம் பின்தொடர்ந்தால் போதும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு போதாது. வளர்ச்சி முடியும் முன்பே முடித்துவிட்ட ஆய்வு, தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வராதவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக வராமல் இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலு வருடம் ஆனது. முதுகு வளைவுக்குப் பார்க்க வந்த பிள்ளைகளில் நன்றாக இருப்பவர்கள் வரமாட்டார்கள். வளைவு கூடவில்லை, வலி இல்லை, பரீட்சை இருக்கிறது, எதற்கு அலைச்சல். மோசமானவர்கள்தான் திரும்ப வருவார்கள். அதனால் வந்தவர்களை மட்டும் எண்ணினால் முதுகு வளைவு நிஜத்தில் இருப்பதைவிட பயங்கரமானதாகத் தெரியும். முழங்காலில் அப்படியே தலைகீழ். ஜவ்வு மறுபடி கிழிந்தவர்கள் பழைய டாக்டரிடம் போவதில்லை. கோபம், சங்கடம், இல்லாவிட்டால் ‘இங்கே சரியா பண்ணல’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வேறு இடத்துக்குப் போவார்கள். பழைய டாக்டரின் கணக்கில் அந்த ஆபரேஷன் வெற்றியாகவே நிற்கும். ஒரே மஞ்சள் கட்டம், முதுகில் பயத்தைக் கூட்டும், முழங்காலில் நம்பிக்கையைக் கூட்டும்.

முதுகு விஷயத்தில் இப்படிப் பயம் கூடியது நிஜமாகவே நடந்திருக்கிறது, அங்கே காரணம் வேறு. 1960களில் வந்த சில ஆய்வுகள் இளம்பிள்ளை வாதத்தால் வந்த வளைவு, பிறவியிலேயே வந்த வளைவு, காரணம் தெரியாமல் வளரும் வயதில் வந்த வளைவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பார்த்தன. ஆயுள் குறையும், மூச்சு முட்டும், முடங்கிப் போவார்கள் என்று ஒரு இருண்ட சித்திரம் அதிலிருந்து பரவியது. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்பிள்ளைகளை அந்தச் சித்திரம் அழவைத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அமெரிக்காவின் அயோவாவில் இருந்த டாக்டர்கள் வேறு வேலை செய்தார்கள். 1932க்கும் 1948க்கும் இடையில் அங்கே வந்து, காரணம் தெரியாத வளைவு என்று கண்டறியப்பட்டு, சிகிச்சை எதுவும் எடுக்காமல் போனவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வருடம் கழித்து! கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், பாட்டியாகியிருப்பார்கள். 117 பேரை, அதே வயதில் வளைவு இல்லாத 62 பேரோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். நாள்பட்ட முதுகுவலி வளைவு உள்ளவர்களில் 61 சதவீதம், இல்லாதவர்களில் 35 சதவீதம். வலி கூடுதல்தான், மறைக்கவில்லை. தோற்றத்தைப் பற்றிய மனக்குறையும் இருந்தது. நெஞ்சுப் பகுதியில் 80 டிகிரிக்கு மேல் வளைந்தவர்களுக்கு மூச்சு வாங்கும் சிரமம் கூடுதலாக இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு அம்மா எக்ஸ்ரேயைப் பார்த்து “இவ உசுருக்கு ஆபத்தா?” என்று கேட்கும்போது டாக்டரால் நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது என்றால், அந்த 117 பேரும் கதவைத் திறந்து பேசியதுதான் காரணம். அந்தக் கட்டுரையை நான் அச்செடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். 12ஆவது தடவை ஃபோன் அடிக்கக் கை சலிக்கும்போது எடுத்துப் பார்ப்பேன்.

வந்து போகிறவர்களிடமும் முழு உண்மை கிடைத்துவிடாது. 13 வயதுப் பெண் ஒருத்தி. முதுகில் 28 டிகிரி வளைவு. இடுப்பெலும்பின் விளிம்பைப் பார்த்தால் இன்னும் நிறைய வளர வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றிப் போடும் பிரேஸ் கொடுத்து தினம் 18 மணி நேரம் போடச் சொன்னார்கள். பிரேஸின் உள்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெப்ப உணர்வி பதித்திருக்கும். உடம்போடு ஒட்டியிருந்தால் உடம்புச் சூடு பதிவாகும், கழற்றி வைத்தால் அறையின் சூடு. மூன்று மாதம் கழித்து வந்தபோது, “18 மணி நேரமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கா” என்று அவள் அம்மா சொன்னார். கணினியில் இறக்கிப் பார்த்தேன். தினமும் காலை 7:40க்குக் கோடு தொபுக்கென்று விழுந்தது. இரவு பத்தரைக்கு மேல்தான் ஏறியது. சராசரி ஒன்பது மணி நேரம்.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பெஞ்சுல உக்காந்தா டொக்குனு சத்தம் வருது அக்கா. எல்லாரும் திரும்பிப் பார்க்குறாங்க. அம்மா வேலைக்குப் போனதும் கழட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருவேன்.”

பிரேஸ் செய்கிற அண்ணனைக் கூப்பிட்டோம். பின்பக்கக் கீழ் விளிம்பைத் தேய்த்து, ஒரு மெத்தைத் துண்டை ஒட்டினார். மர நாற்காலியில் ஐந்தாறு தடவை உட்காரவைத்துப் பார்த்தார். சத்தம் அடங்கிவிட்டது. அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு அவளிடம் ஒரு ஆய்வின் கணக்கைச் சொன்னேன். மிரட்டுவதற்காக இல்லை. 13 வயதுக்குக் கணக்கு புரியும்.

அந்த ஆய்வு 2013இல் வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில், 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 242 பேர். பிரேஸா, வெறுமனே கவனித்து வருவதா என்று குலுக்கலில் முடிவு செய்யத்தான் முதலில் திட்டமிட்டார்கள். நிறையக் குடும்பங்கள் குலுக்கலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பிரிவை வைத்தார்கள். குலுக்கலில் 116 பேர், விருப்பப்படி 126 பேர். வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாமல் இருந்தால் வெற்றி. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதமும் போடாதவர்களில் 48 சதவீதமும் அப்படித் தப்பினார்கள். வித்தியாசம் தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மணிக்கணக்குதான் முக்கியம். தினம் ஆறு மணி நேரம் வரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பினார்கள். இதை உணர்வி இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாது. பிள்ளைகளைக் கேட்டு எழுதியிருந்தால் எல்லாரும் 18 மணி நேரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

“போடாதவங்கள்லயும் பாதிப் பேர் தப்பிச்சாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை ஒளிக்கக் கூடாது. யார் எந்தப் பாதியில் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் பிரேஸ். அடுத்த மூன்று மாதத்தில் அவள் சராசரி 13 மணி நேரத்தைத் தொட்டது. வளைவு 31. கையால் அளப்பதில் ஐந்து டிகிரி வரை முன்னே பின்னே இருக்கும், அதனால் 28க்கும் 31க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு குடும்பம் வீடு மாறிவிட்டது. ஒரு வருடமாக அவள் பெயருக்கு எதிரேயும் மஞ்சள் கட்டம்தான்.

முழங்கால் ஜவ்வுக்கு வருகிறேன். சுவீடனில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த 121 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை, முழங்கால் நிலையில் இரு பிரிவுக்கும் வித்தியாசமும் இல்லை. டாக்டர்கள் இதைப் பற்றி இன்னமும் வாதாடுகிறார்கள். என் கண் நின்றது வேறொரு எண்ணில். ஐந்தாவது வருடம் 121 பேரில் 120 பேர் வந்திருந்தார்கள். ஒரே ஒருவர்தான் விடுபட்டவர். அதற்குப் பின்னால் எத்தனை ஃபோன் கால் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இளையவர்களின் ஜவ்வு எவ்வளவு அடிக்கடி மறுபடி கிழிகிறது என்பதும் இப்படித் தேடிப் பிடித்ததில்தான் தெரிந்தது. 25 வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதத்தினருக்கு அதே காலிலோ மறு காலிலோ மறுபடி கிழிந்ததாக 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. ஏறத்தாழ நாலில் ஒருவர். அதே வருடம் நார்வேயிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. 14 முதல் 25 வயது வரை உள்ள 618 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஜவ்வு ஆபரேஷனோடு மூட்டின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டை கட்டப்பட்டவர்களில் 4 சதவீதத்தினருக்கும் கட்டப்படாதவர்களில் 11 சதவீதத்தினருக்கும் இரண்டு வருடத்துக்குள் புது நாண் அறுந்தது.

இந்த எண்களை முதன்முதலில் படித்த அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

16 வயதில் வாலிபால் விளையாடும்போது வலைக்குப் பக்கத்தில் குதித்து இறங்கினேன். இடது முழங்காலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டது. ஆபரேஷன் நடந்தது. தொடையின் பின்பக்க நாணை எடுத்துப் பொருத்தினார்கள். நல்ல டாக்டர், நல்ல கை. ஆறாவது மாதம் பார்த்தபோது காலை மடக்கி இழுத்துப் பார்த்து, “சூப்பரா இருக்கு, விளையாடலாம்” என்றார். அன்றைக்கு ஒன்பது மாதக் கணக்கு வந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆபரேஷன் முடிந்த 14ஆவது மாதம் அதே கால், அதே சத்தம். இந்தத் தடவை மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் பிறைத்தட்டும் சேர்ந்து கிழிந்தது. அப்பாவுக்குக் கோபம். வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். முதல் மருத்துவமனையிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

அங்கே என் ஃபைலின் கடைசி வரி ‘சூப்பரா இருக்கு’தான். அந்த வருடத்து ஆபரேஷன்களை யாராவது எண்ணியிருந்தால் என்னை வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். அந்தக் கணக்கை நம்பி இன்னொரு 16 வயதுப் பெண்ணை ஆறாவது மாதத்தில் மைதானத்துக்கு அனுப்பியிருக்கக்கூடும். என் பங்கும் அதில் இருக்கிறது என்று தோன்றியபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டரை மாற்றுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் மாற்றினதைப் பழைய இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சண்டை போட வேண்டாம். என்ன ஆயிற்று, எந்த மாதம் ஆயிற்று என்று சொன்னால் போதும். பிள்ளை நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள். படிவத்தில் நம்பர் கேட்டால் மாறாத நம்பர் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், அந்தப் பையனின் மாமா நம்பர் மாதிரி.

அந்தப் பையனை எங்கள் பிசியோவிடம் வரச் சொல்லியிருக்கிறேன். பயத்துக்கும் பயிற்சி உண்டு. வருகிறேன் என்றிருக்கிறான்.

போன வாரம், 18 வருடம் கழித்து, முதல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்றைய டாக்டர் அங்கே இருக்கிறாரோ இல்லையோ. குற்றம் சொல்லி ஒரு வரி இல்லை. ஆபரேஷன் நடந்த வருடம், இடது முழங்கால், 14ஆவது மாதம் மறு கிழிசல், வேறு இடத்தில் இரண்டாவது ஆபரேஷன். அதோடு தினமும் மற்றவர்களிடம் கேட்கும் அதே படிவத்தை எடுத்து, 42 கேள்விகளுக்கும் எனக்காகப் பதில் எழுதி இணைத்தேன். வலி இல்லை. வீக்கம் எப்போதாவது. படி இறங்கும்போது லேசான சிரமம். கடைசிப் பகுதியின் முதல் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தப் பையன் ஃபோனில் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான் என்று அப்போது தெரிந்தது.

‘தினமும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.